பாச்சா கானும் பங்காளிப் பகையும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

குரூப் டூ பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கேன். பொது அறிவு கைடுல 'எல்லை காந்தி யார்? கான் அப்துல் கபார் கான்'னு ஒரு வரி வரும், நாலு வருஷமா மனப்பாடம். போன வாரம்தான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படிச்சேன், அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை. துப்பாக்கியோட பொறந்து வளர்ற பட்டாணியர்களையே காந்தி அகிம்சைக்கு மாத்தினது அதிசயம்தான். ஆனா கடைசியில அவருக்கு என்ன கிடைச்சுது? வெள்ளைக்காரன் ஜெயில்ல போட்டான், சுதந்திரம் வந்த பிறகு சொந்த நாடும் ஜெயில்ல போட்டுது. காங்கிரஸ் அவரைக் கைவிட்டது துரோகம் இல்லையா? ஆயுதம் எடுத்திருந்தா ஜெயிச்சிருப்பாரோ? அகிம்சை நடைமுறைக்கு ஒத்து வராதுன்னு அவர் வாழ்க்கையே காட்டுதுன்னு நினைக்கிறேன். இதை ஏன் கேக்கறேன்னா எங்க வீட்லயும் வரப்புத் தகராறு ஓடுது. போன மாசம் சித்தப்பா பையன் எங்கப்பா மேல கை வச்சிட்டான். நான் சும்மா இருக்கேன். இப்படி சும்மா இருக்கறது அவமானமா இருக்கு. அவரைப் பத்தி தமிழ்ல நல்ல புக் இருந்தா சொல்லுங்க.

எம்.

அன்புள்ள எம்.,

ரெண்டு மாசமா நானும் பாச்சா கானைத்தான், அதாவது உங்க கைடு சொல்ற அப்துல் கபார் கானைத்தான் படிச்சிட்டிருக்கேன். ஒரு விஷயம் மண்டைக்குள்ள சுத்திட்டே இருந்துது, யார்கிட்டயும் சொல்லலை, உங்க லெட்டரோட கடைசி நாலு வரி நேரா அதுல வந்து முட்டுது. அதனாலதான் பதில் எழுதறேன், முதல் பாதிக்காக இல்லை.

முதல் பாதிக்கு முதல்ல திட்டிடறேன். 'காந்தி மாத்தினார்'னு எழுதறீங்களே, இதை எங்க படிச்சீங்க தம்பி? அவர் தன் சொந்த ஊரான உத்மான்சாய்ல முதல் பள்ளிக்கூடம் திறந்தது 1910-ல. அவருக்கு இருபது வயசு. காந்தி அப்ப தென்னாப்பிரிக்காவுல இருக்கார், இந்தியாவுக்கே திரும்பி வரலை. பெஷாவர்ல மிஷன் ஸ்கூல்ல படிச்ச பையன், ஆறடிக்கு மேல உயரம், பெரிய நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை, வெள்ளைக்கார ராணுவத்துல கைட்ஸ்ங்கிற படையில ஆஃபீசர் உத்தியோகம் கையில வந்து நிக்குது. அந்தப் படையில இருந்த ஒரு சிநேகிதனை ஒரு வெள்ளைக்கார லெப்டினன்ட் கேவலமா பேசறதை நேர்ல பாக்கறார், உத்தியோகமே வேணாம்னு வந்துடறார். சீமைக்குப் படிக்கப் போகலாம்னா அம்மா விடலை, ஏற்கெனவே ஒரு பிள்ளை, அண்ணன் டாக்டர் கான் சாகிப், அங்க போயிருக்கார், இவனும் போயிட்டா என் கதி என்னன்னு அழறாங்க. சரின்னு ஊர்லயே நின்னு பள்ளிக்கூடம் ஆரம்பிக்கறார். இங்கிலீஷ்காரனுக்கும் ஆகலை, ஊர் முல்லாக்களுக்கும் ஆகலை, பள்ளிக்கூடத்துல படிக்கறவனுக்கு சொர்க்கத்துல இடமில்லைன்னு பாட்டே கட்டி விட்டாங்க. முதல் உலகப் போர் சமயத்துல சர்க்கார் அந்தப் பள்ளிக்கூடங்களை எல்லாம் மூடிட்டுது.

காந்திகிட்ட அவருக்கு இருந்த அன்பு பெரிய அன்பு, அதுல சந்தேகமே இல்லை, வார்தாவுல கூடவே இருந்திருக்கார், 1938-ல காந்தி எல்லை மாகாணத்துல (பெஷாவர் இருக்கற வடமேற்குப் பகுதி, இப்ப பாகிஸ்தான்ல இருக்கு) ஊர் ஊரா சுத்தறப்ப பக்கத்துலயே இருந்திருக்கார். ஆனா அகிம்சை எங்கிருந்து வந்துதுன்னு கேட்டவங்களுக்கு அவர் சொன்ன பதில் வேற. ஒரு முஸ்லிம், ஒரு பட்டாணியன் அகிம்சையை ஏத்துக்கறதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு, ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி நபி மக்காவுல இருந்த காலம் பூரா அதைத்தானே கடைப்பிடிச்சார்னு சொல்வார். பொறுமை, சப்ர், அதுதான் ஆயுதம். அவருக்கு இது சொந்த வீட்டுச் சொத்து. 'எல்லை காந்தி'ங்கிற பேரு அன்பாத்தான் வச்சாங்க, ஆனா அந்தப் பேரு ஒரு பெரிய மனுஷனை இன்னொரு பெரிய மனுஷனோட நிழலாக்கிடுது, அதான் எனக்குப் பிடிக்காது. அவங்க ஊர்ல அவரை பாச்சா கான்னு கூப்பிடுவாங்க, ராஜா கான்னு அர்த்தம். நானும் அப்படியே கூப்பிடறேன்.

'துப்பாக்கியோட பொறந்தவங்க'ன்னு எழுதினதும் எனக்கு வலிச்சுது. அது வெள்ளைக்காரன் எழுதி வச்சது தம்பி. 1901-ல எல்லை மாகாணத்தைத் தனியா பிரிச்சான், அதே வருஷம் எல்லைக் குற்றச் சட்டம்னு ஒண்ணைப் போட்டு, ஒருத்தன் செஞ்ச தப்புக்கு ஊரையே தண்டிக்கலாம்னு எழுதி வச்சான். அப்படி ஆளணும்னா அந்த ஜனங்க பொறப்புலயே முரடங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லணுமில்ல?

இப்ப விஷயத்துக்கு வரேன்.

பட்டாணியர்களுக்கு பஷ்தூன்னும் பேரு, அவங்க பேசற பஷ்தோ மொழியில 'தர்பூர்'னு ஒரு வார்த்தை இருக்கு. அப்பாவோட அண்ணன் தம்பி பெத்த பையன், அதாவது நம்ம சித்தப்பா பையன், பெரியப்பா பையன். அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, எதிரி. ரெண்டும் ஒரே வார்த்தை! இதைப் படிச்சப்ப புஸ்தகத்தை மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன். ஏன்னா எனக்குத் தெரிஞ்ச ஒரு வார்த்தையும் அப்படித்தான், பங்காளி. நிலத்துல பங்கு இருக்கறவன்தான் பங்காளி, பகைக்கு வரவனும் பங்காளிதான். கைபர் கணவாய்ப் பக்கம் ஒரு பாட்டன் நிலத்தைப் பேரன்கள் பிரிக்கறப்ப வர்ற சண்டையும், கரிசக்காட்டுல கூட்டுக் கிணத்துத் தண்ணி முறைக்கு வர்ற சண்டையும் ஒண்ணுதான்.

அங்க அந்தச் சண்டைக்கு ஒரு தர்மமே உண்டு, 'பதல்'னு பேரு, பழிக்குப் பழி. உன் அப்பாவை அடிச்சவனை நீ அடிக்கலைன்னா நீ ஆம்பளையே இல்லை. நூறு வருஷம் கழிச்சுப் பழி வாங்கின பஷ்தூன், 'அடடா, அவசரப்பட்டுட்டேனே'ன்னு சொன்னான்னு அவங்களே ஒரு பழமொழி சொல்வாங்க. பாட்டன் காலத்துக் கொலைக்குப் பேரன் செத்துட்டிருப்பான், காரணம் என்னன்னு யாருக்கும் நினைப்பிருக்காது. பாச்சா கானோட அப்பா பெஹ்ராம் கானுக்கு ஊர்ல என்ன பேர் தெரியுமா? பகையை எல்லாம் மன்னிச்சு விட்ட மனுஷன். அவ்வளவு நிலபுலன் வச்சிருந்த ஒரு கான், ஒரு பழி பாக்கி இல்லாம வாழ்ந்தார்னு அதிசயமா பேசுவாங்களாம். மகன் பின்னாடி லட்சம் பேர் முன்னாடி சொன்னதை, அப்பா சத்தமில்லாம வீட்டுக்குள்ள செஞ்சு காட்டிட்டுப் போயிருக்கார்.

1929-ல குதாய் கித்மத்கார் ஆரம்பிக்கறார், கடவுளோட ஊழியர்கள்னு அர்த்தம். அதுல சேர எடுக்கற சத்தியத்தை நீங்க கவனமா பாக்கணும். கடவுளுக்கு நம்ம சேவை தேவையில்லை, அவன் படைச்ச ஜனங்களுக்குச் செய்யறதுதான் அவனுக்குச் செய்யறதுன்னு ஆரம்பிக்கும். அப்புறம் வன்முறை செய்ய மாட்டேன், பழி வாங்க மாட்டேன், என்னைக் கொடுமைப்படுத்தினவங்களை மன்னிப்பேன், குடும்பப் பகை சண்டை சச்சரவு எதுலயும் கலந்துக்க மாட்டேன், தினம் ரெண்டு மணி நேரம் ஊர் வேலை செய்வேன். இதுல எத்தனை வரி வெள்ளைக்காரனுக்கு, எத்தனை வரி பங்காளிக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க! அந்தப் படை முதல்ல ஜெயிக்க வேண்டிய எதிரி லண்டன்ல இல்லை, பக்கத்து வரப்புல நின்னான். அதைத் தாண்டாம பிரிட்டிஷ்காரன் முன்னாடி போய் நிக்கவே முடியாது, ஏன்னா ஒரு ஊருக்குள்ளயே பாதிப் பேர் மீதிப் பேரைக் கொல்லணும்னு காத்துட்டிருந்தா எவன் எவன் கூட சேர்ந்து ஊர்வலம் போவான்?

இன்னொண்ணு, அது படை. நிஜமான படை. அணிவகுப்பு உண்டு, டிரில் உண்டு, கேம்ப் உண்டு, ஜெனரல் கர்னல்னு பதவி கூட உண்டு, ஆயுதம் மட்டும் கிடையாது. கேம்ப்ல என்ன செய்வாங்க? தெரு கூட்டுவாங்க, ராட்டை சுத்துவாங்க, மாவு அரைப்பாங்க. கானோட பிள்ளையும் குடியானவன் பிள்ளையும் ஒரே வெளக்குமாத்தைப் பிடிக்கணும். சட்டை கதை தெரியுமா? முதல்ல வெள்ளைச் சட்டைதான் போட்டாங்க, அந்தப் புழுதியில ஒரு நாள்ல அழுக்காயிடும், துவைச்சு மாளலை. ஒரு ஆள் தன் சட்டையைத் தோல் பதப்படுத்தற இடத்துக்குக் கொண்டு போய் அங்க இருந்த பட்டைச் சாயத்துல முக்கி எடுத்தான், செங்கல் நிறத்துல வந்துது, அழுக்கும் தெரியலை, தூரத்துல வரப்பவே பளிச்சுன்னும் இருந்துது. எல்லாரும் முக்க ஆரம்பிச்சாங்க. அவ்வளவுதான், செஞ்சட்டைப் படை. வெள்ளைக்காரன் அதைப் பாத்துட்டு ரஷ்யாவுல இருந்து வந்த போல்ஷ்விக்னு கதை கட்டினான்.

நான் இதை ஏன் இவ்வளவு நீட்டறேன்னா, அகிம்சைன்னதும் நீங்க 'சும்மா இருக்கறது'ன்னு எழுதறீங்க. தம்பி, சும்மா இருக்கறது வேற, இது வேற. பயந்துட்டு சும்மா இருக்கலாம், சோம்பல்ல சும்மா இருக்கலாம், சமயம் வரட்டும்னு பல்லைக் கடிச்சிட்டு சும்மா இருக்கலாம், நீங்க இப்ப இருக்கறது அந்த மூணாவதுன்னு நினைக்கிறேன். அகிம்சைன்னா தினம் ரெண்டு மணி நேரம் உடம்பு வணங்கிப் பழகற வேலை. ஓதுவார் பாட்டுப் பழகற மாதிரி, சிலம்பம் பழகற மாதிரி. அவரே பழகித்தான் வந்தார். 1938-ல காந்தி உத்மான்சாய்ல தங்கினப்ப அவர் பாதுகாப்புக்கு மொட்டைமாடியில துப்பாக்கியோட ஆளுங்களை நிறுத்தியிருந்தார், காந்தி வேணாம்னு சொல்லித்தான் துப்பாக்கியைக் கீழ வச்சாங்க. படை ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆயிருந்தது அப்ப. அன்பு மிகுந்த இடத்துல பயம் வரும், பயம் வந்தா கை ஆயுதத்தைத் தேடும், அவருக்கே அப்படின்னா நமக்கு எப்படி இருக்கும்?

1930 ஏப்ரல் 23. பாச்சா கானைக் கைது பண்ணிட்டாங்க, பெஷாவர்ல மத்த தலைவர்களையும் பிடிச்சிட்டாங்க, ஜனங்க கிஸ்ஸா கவானி பஜார்ல கூடறாங்க, கதை சொல்றவங்க கடைவீதின்னு அர்த்தம், ஊர் ஊரா வர்ற வியாபாரிங்க டீ குடிச்சிட்டுக் கதை பேசற இடம். கவச வண்டி கூட்டத்துக்குள்ள புகுந்து ஆளுங்க நசுங்கறாங்க. அப்புறம் சுட ஆரம்பிக்கறான். முன் வரிசை விழுந்ததும் பின்னாடி இருக்கறவங்க முன்னாடி வந்து நிக்கறாங்க. ஓடலை. மணிக்கணக்கா. அவங்க யாருன்னு யோசிங்க, தர்பூர் முறைச்சாலே துப்பாக்கியை எடுக்கற ஊர்க்காரங்க, வீட்ல துப்பாக்கியும் இருக்கு. செத்தவங்க எத்தனைங்கறதுல சர்க்கார் கணக்கு ஒண்ணு, ஜனங்க கணக்கு அதைப் போல பல மடங்கு. கர்வால் ரைஃபிள்ஸ் சிப்பாய்களைச் சுடச் சொன்னா, சந்திர சிங் கர்வாலியும் அவர் ஆளுங்களும் ஆயுதமில்லாதவங்களைச் சுட மாட்டோம்னு நின்னுட்டாங்க. சுடப்படறவன் முஸ்லிம், சுட மாட்டேன்னவன் மலைநாட்டு இந்து. ராணுவக் கோர்ட்டு தண்டனை குடுத்துது, சந்திர சிங்குக்கு ஆயுள். அதுக்கு முன்னாடி சில நூறு பேரா இருந்த செஞ்சட்டைக்காரங்க சில மாசத்துல பல்லாயிரம் ஆயிட்டாங்க. வன்முறை பண்ற பட்டாணியனை விட அகிம்சைப் பட்டாணியனைப் பாத்துதான் வெள்ளைக்காரன் அதிகமா பயந்தான்னு பாச்சா கான் சொல்வார், பொய்யில்லை.

இப்ப என் கதை ஒண்ணு. இதுவரைக்கும் எழுதினதில்லை.

எனக்குப் பதினோரு வயசு. எங்களுக்கும் அப்பாவோட பெரியப்பா வீட்டுக்கும் ஒரு கூட்டுக் கிணறு, முறை வச்சுத் தண்ணி பாய்ச்சணும். ஒருநாள் எங்க முறையில மடை மாறியிருக்கு, அப்பா போய்க் கேட்டார், வாய்ப்பேச்சு முத்தி அந்தப் பெரியப்பா மண்வெட்டிக் காம்பால அப்பா தோள்ல ஒரு போடு போட்டுட்டார். நான் தூக்குச்சட்டியில கஞ்சி கொண்டு போனவ, வரப்புல நின்னு பாத்துட்டிருந்தேன். அப்பா திருப்பி அடிக்கலை. கீழ விழுந்த துண்டை எடுத்து உதறித் தோள்ல போட்டுட்டு வந்துட்டார். வீட்டுக்கு வந்தா அப்பத்தா, 'ஆம்பளையாடா நீ'ன்னு ஒரே கத்தல். அண்ணனுக்குப் பத்தொம்பது வயசு, அரிவாளைக் கையில எடுத்துட்டான். அப்பா அவன் கையில இருந்து அதை வாங்கிப் பரண் மேல வச்சார், ஏணியையும் எடுத்து வெளிய சாத்திட்டார். ஒரு வார்த்தை பேசலை. அம்மா உப்பு வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடுத்தாங்க, மூணு நாள் அவர் சரியா சாப்பிடலை, தட்டு முன்னாடி உக்காருவார், பிசைவார், எந்திரிச்சிடுவார். எனக்கு அப்ப அவர் மேல வெறுப்பா இருந்துது. கோழைன்னு நினைச்சேன். ஸ்கூல்ல அந்த வீட்டுப் பிள்ளைங்க சிரிக்கறப்ப செத்துடலாம் போல இருக்கும்.

அடுத்த முறை வந்துது. அப்பா மண்வெட்டி கூட எடுக்காம வெறுங்கையோட போய் மடைகிட்ட உக்காந்தார். அவங்க வந்து தண்ணியை அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க. இவர் எந்திரிச்சுப் போய்க் கையாலயே மண்ணை அள்ளி மறுபடி திருப்பினார். அவங்க மறுபடி வெட்டினாங்க. இப்படி ஏழெட்டு முறை, ஒவ்வொரு தடவையும் விடியக்காலம் நாலு மணிக்குப் போய் உக்காந்துடுவார், சண்டை போடறதும் இல்லை, விட்டுக் குடுக்கறதும் இல்லை. ஊர்ல நாலு பேர் வேடிக்கை பாக்க வர ஆரம்பிச்சாங்க. அப்புறம் அந்த வீட்டுப் பெரியம்மாவே, 'அந்த மனுஷன் முறையை விடுங்கடா'ன்னு சத்தம் போட்டாங்கன்னு அம்மா சொல்வாங்க.

பெரியப்பா மன்னிப்பெல்லாம் கேக்கலை, சாகற வரைக்கும் கேக்கலை. ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையும் பெருசா இல்லை. கிணறே பின்னால வத்திப் போச்சு, ஆளுக்கொரு போர்வெல் போட்டாச்சு. இதை ஜெயிச்சதுன்னு சொல்லவா தோத்ததுன்னு சொல்லவா, எனக்குத் தெரியலை தம்பி. என் அண்ணன் ஜெயிலுக்குப் போகலை. ரெண்டு வீட்லயும் அதனால எழவு விழலை. அப்பா இப்ப இல்லை, அவர்கிட்ட ஒரு தடவை கூட இதைப் பத்திக் கேக்கலை நான். பெஹ்ராம் கானைப் பத்திப் படிச்ச அன்னைக்குத்தான் அந்தத் துண்டை உதறினது கண்ணுக்குள்ள வந்துது, முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு.

அதனால 'அவருக்கு என்ன கிடைச்சுது'ன்னு நீங்க கேக்கறப்ப எனக்குக் கோவம் வருது. கிடைக்கலைதான். 1947 ஜூன்ல பிரிவினையைக் காங்கிரஸ் ஏத்துக்கிட்டப்ப, எங்களை ஓநாய்ங்க முன்னாடி தூக்கிப் போட்டுட்டீங்கன்னு சொன்னார். எல்லை மாகாணத்துல இந்தியாவா பாகிஸ்தானான்னு மட்டும் வாக்கெடுப்பு வச்சாங்க, எங்களுக்குத் தனி பஷ்தூன் நாடுங்கிற மூணாவது வழியும் வேணும்னு இவங்க கேட்டதை ஒத்துக்கலை, புறக்கணிச்சாங்க, பாதிப் பேர்தான் ஓட்டுப் போட்டாங்க. பாகிஸ்தான் பொறந்த ஒரே வாரத்துல, எல்லை மாகாணத்துல அவர் அண்ணன் கான் சாகிப் நடத்தின மந்திரிசபையைக் கலைச்சாச்சு. இவர் பாகிஸ்தானுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்த சில மாசத்துலயே, 1948 ஜூன்ல ஜெயில். ஆகஸ்ட் 12, சார்சத்தா பக்கம் பாப்ராவுல அவர் ஆளுங்க மேல துப்பாக்கிச் சூடு, கிஸ்ஸா கவானி மாதிரியே, இந்தத் தடவை சுட்டது சொந்த சர்க்கார். அன்னைக்கும் அவங்க கையில ஆயுதம் இல்லை. வெள்ளைக்காரன் ஜெயிலை விட இந்த ஜெயில் மோசம்னு அவரே சொல்லியிருக்கார். ரெண்டையும் கூட்டினா கால் நூற்றாண்டுக்கு மேல. ஆயுதம் எடுத்திருந்தான்னு கேக்கறீங்க. அதே மலையில அவருக்குப் பிறகு எத்தனையோ பேர் எடுத்தாங்களே, அந்த ஜனங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னு நீங்களே தேடிப் படிங்க.

காங்கிரஸ் துரோகமான்னு கேட்டது பரீட்சைக்கு வர்ற கேள்வி மாதிரி இருக்கு, நான் அதுக்குள்ள போகலை. 1969-ல காந்தி நூற்றாண்டுக்கு டெல்லி வந்தார், கையில ஒரு துணி மூட்டை, இந்திரா காந்தி வாங்கப் போயும் குடுக்கலைன்னு சொல்வாங்க. அந்த வருஷம் குஜராத்துல கலவரம் நடந்து முடிஞ்சிருந்தது, விருந்தாளியா வந்த மனுஷன் மூணு நாள் பட்டினி இருந்தார். கைவிட்டவங்க நாட்டு ஜனங்க அடிச்சுக்கறதுக்கு எழுபத்தொம்பது வயசுல பட்டினி கிடந்தவர்கிட்ட போய் துரோகக் கணக்கு கேப்பீங்களா?

1988 ஜனவரி 20-ல பெஷாவர்ல செத்தார். ஆப்கானிஸ்தான்ல ஜலாலாபாத்ல புதைக்கச் சொல்லியிருந்தார். அங்க சோவியத் படை ஒரு பக்கம், முஜாஹிதீன் ஒரு பக்கம், போர் நடந்துட்டிருக்கு. ஆயிரக்கணக்கான பேர் கைபர் கணவாய் வழியா அவரோட போனாங்க, அடக்கம் முடியற வரைக்கும் ரெண்டு பக்கமும் சுடாம நிறுத்தினாங்க. அப்பவும் குண்டு வெடிச்சுப் பதினஞ்சு பேர் கிட்ட செத்தாங்க, அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

புக் பத்தி இன்னொரு நாள் எழுதறேன்.

உங்க வரப்பு விஷயம். தாலுகா ஆஃபீஸ்ல மனு குடுத்து சர்வேயரை வச்சு அளங்க. அடிச்சதுக்கு ஸ்டேஷன்ல புகார் குடுக்கணும்னா குடுங்க, அதுல ஒரு தப்பும் இல்லை, நிமிர்ந்து போய் குடுங்க. வரப்பு மேல தினம் போய் நில்லுங்க, வெறுங்கையோட. பஷ்தூன்கள்கிட்டயே 'நனவாத்தே'ன்னு ஒரு வழக்கம் இருக்கு, பகையாளி வீட்டு வாசலுக்கே போய் நின்னுட்டா அவன் மன்னிச்சுத்தான் ஆகணும். உங்க சித்தப்பா வீட்டு வாசலுக்கு நீங்க போங்கன்னு நான் சொல்லலை, அவ்வளவு தூரம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, யோசிங்கன்னு மட்டும் சொல்றேன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். இவ்வளவு பெரிய லெட்டர்ல உங்க அவமானம் இருக்கு, உங்க கோவம் இருக்கு, காங்கிரஸ் இருக்கு, காந்தி இருக்கார். அடி வாங்கினவர் உங்க அப்பா, அவரைப் பத்தி ஒரு வரி இல்லையே தம்பி? அவர் என்ன சொன்னார்? எங்க அடிபட்டுது? சாப்பிடறாரா, ராத்திரி தூங்கறாரா? அடுத்த லெட்டர்ல அதை எழுதுங்க.

அன்புடன்,
அக்கா